சான்றிதழ், சட்டை, சொல்: தோட்ட நகரத்தில் வேலை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் எல்பில், ஹீவுட், டோவன்பி தோட்டப் பக்கங்களிலிருந்தும் ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ வேலை தேடிப் போகிறவர்களும், சொந்தத் தொழில் செய்கிறவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கையில் தொழில் இருந்தும் ஒருவரை மதிக்காமல் அனுப்புவது கொடுமை. அதில் ஒரு பங்கு எதிரில் இருப்பவரின் தப்பெண்ணம். இன்னொரு பங்கு பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது, அட்டை காலாவதியாகியிருப்பது, கேட்ட தாள் கையில் இல்லாதது போன்றவை. இவற்றை நாமே சரிசெய்துவிடலாம்.

பத்து வருஷமாக வீட்டு ஒயரிங் செய்கிறேன். எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இனிமேல் சான்றிதழ் எதற்கு?

கையெழுத்துப் போடுவதற்கு. 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, ஒரு வீட்டின் ஒயரிங் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். வேலை முடிந்ததும் மேற்பார்வை, நிறைவுக்கான ஜி பாரமும் சோதனைக்கான எச் பாரமும் எழுதப்பட வேண்டும். அந்தத் தகுதிச் சான்றிதழைத் தருவது எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா. ஒற்றை ஃபேஸ், மூன்று ஃபேஸ் என்று அது தனித்தனியாக இருக்கிறது.

சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? வெயிலில் கூரை ஏறி ஒயர் இழுப்பவர் நீங்கள். கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குபவர் வேறொருவர். அந்த வீட்டில் நாளைக்குத் தீப்பிடித்தால் உங்கள் பக்கம் பேச ஒரு தாளும் இருக்காது. பத்து வருஷ அனுபவம் பொய்யில்லை. ஆனால் அது உங்களைத் தெரிந்தவர்களிடம் மட்டுமே செல்லும். தெரியாதவர் உங்களை நம்ப ஒரு தாள் தேவை.

வகுப்புக்குப் போக நேரமில்லை. செய்த வேலையை வைத்தே திறன் சான்றிதழ் வாங்க முடியுமா?

முடியும். மலேசியத் திறன் சான்றிதழில் முதல் மூன்று நிலைகள் எஸ்.கே.எம்., நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் திறன் மேம்பாட்டு இலாகா, ஜேபிகே, இதைத் தருகிறது. பயிற்சி மையத்தில் உட்கார்ந்து படிப்பது ஒரு வழி. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பிபிடி இன்னொரு வழி. ஏர்கான், வெல்டிங், மோட்டார் பட்டறை, தையல், அழகுக்கலை எனப் பல தொழில்களுக்கு இது பொருந்தும். ஆனால் ஒயரிங்குக்கு எஸ்.கே.எம். மட்டும் போதாது. மேலே சொன்ன எரிசக்தி ஆணையச் சான்றிதழ் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

பிபிடியில் எல்லாமே ஆதாரக் கோப்புதான். ஒவ்வொரு தொழிலுக்கும் தேசியத் திறன் தர ஏடு ஒன்று உண்டு. அதில் வேலை பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூறுக்கும் 'இதை நான் செய்திருக்கிறேன்' என்று காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் கோப்பைப் பார்த்து உங்களிடம் கேள்வி கேட்பார். பிறகு வெளியிலிருந்து ஒருவர் சரிபார்ப்பார்.

கோப்பு திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். படத்தில் இயந்திரம் இருக்கும், செய்பவரின் முகமோ கையோ இருக்காது. எல்லாப் படங்களும் ஒரே நாளில், ஒரே சட்டையில் எடுத்தவையாக இருக்கும். வேலைக்கு முன், வேலையின்போது, முடிந்த பின் என்ற வரிசை இருக்காது. முதலாளி கொடுத்த கடிதத்தில் 'நல்ல பையன், நேர்மையானவர்' என்று எழுதியிருக்கும், என்ன வேலை, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்பது இருக்காது. ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். ஏர்கான் கழுவுகிறீர்களா? கவசத்தைக் கழற்றுமுன் ஒரு படம், வடிகட்டியும் குளிர்சுருளும் அழுக்கோடு ஒரு படம், உங்கள் கை பம்ப் பிடித்திருக்க ஒரு படம், கேஜில் அழுத்தம் தெரியும்படி ஒரு படம், மூடிய பிறகு ஒரு படம். வாடிக்கையாளருக்குக் கொடுத்த ரசீதின் நகலையும் அதே உறையில் போடுங்கள். ஆறு மாதத்தில் கோப்பு தானாக நிறைந்துவிடும்.

கல்லூரிக்காரர் 'அரசாங்க அங்கீகாரம் பெற்றது' என்கிறார். எப்படி நம்புவது?

அவர் சொல்வதை வைத்து நம்ப வேண்டாம், பதிவேட்டைப் பாருங்கள். டிப்ளோமா, பட்டப் படிப்பு என்றால் மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியூஏவின் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அங்கீகார எண்ணில் பிஏ என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்ஏ என்று இருந்தால் முழு அங்கீகாரம். தற்காலிகம் என்றால் மோசடி என்று பொருளில்லை. புதிய படிப்பு அப்படித்தான் தொடங்கும். ஆனால் அது முழுமையாக மாறாமல் போனால் சிக்கல் மாணவருக்குத்தான்.

மூன்று விஷயங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முதலாவது படிப்பின் பெயர். 'மேலாண்மை டிப்ளோமா' அங்கீகாரம் பெற்றிருக்கும், உங்களிடம் விற்கப்படுவது 'நிர்வாகச் சான்றிதழாக' இருக்கும். இரண்டாவது வளாகம். தலைமை வளாகத்துக்கு உள்ள அங்கீகாரம் கடைவீட்டு மாடியில் இருக்கும் கிளைக்கு இல்லாமல் போகலாம். மூன்றாவது தேதி. உங்கள் பிள்ளை சேரும் காலம் அங்கீகாரக் காலத்துக்குள் வர வேண்டும். திறன் படிப்பு என்றால் ஜேபிகேயிடம் அந்த மையம் அந்தத் தொழிலுக்கு அந்த நிலைவரைக்கும் தகுதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். நிலை 2 வரை மட்டும் அனுமதி உள்ள மையம் நிலை 3-க்குப் பணம் வாங்கக்கூடாது.

முன்பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பிடிபிடிஎன் என்ற உயர்கல்விக் கடன் எடுத்துப் படித்துவிட்டு, சான்றிதழ் செல்லாது என்று தெரிந்தாலும் கடன் நிற்கும்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்மில் வரலாறு தேறவில்லை. மற்றவை நன்றாக இருக்கின்றன.

மலாய்மொழியும், 2013 முதல் வரலாறும் கட்டாயம் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் கைக்கு வரும். மற்றப் பாடங்களில் ஏ வாங்கினாலும் இதுதான் நிலை. ஆனால் இந்த இரண்டு பாடங்களையும் மறுபடி எழுதலாம். 'எஸ்.பி.எம். முடிச்சேன்' என்று மட்டும் விண்ணப்பத்தில் போட்டுவிட்டு நேர்முகத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். 'வரலாற்றுத் தாளை மறுபடி எழுதப் பதிந்திருக்கிறேன்' என்று சொன்னால் அது பதிவுச் சீட்டோடு நிற்கும் பதில்.

அடையாள அட்டையில் சுப்பிரமணியம், பள்ளிச் சான்றிதழில் சுப்பிரமணியன். இது பெரிய பிரச்னையா?

ஆமாம். நமக்கு இரண்டும் ஒரே பெயர். ரோமன் எழுத்தில் கடைசி எழுத்து 'எம்' ஆ, 'என்' ஆ என்று பார்க்கும் அலுவலருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். நம்மிடையே இது மிகுதியாக நடக்கிறது. தாத்தா காலத்தில் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து அப்படியே தலைமுறையாக வந்துவிடுகிறது. இன்னாருடைய மகன், மகள் என்று காட்டும் ஏ/எல், ஏ/பி குறியும் தொல்லை தரும். சில இணையப் பாரங்கள் சாய்கோட்டை ஏற்காது. அப்போது கோடு இல்லாமல் ஏஎல் என்று எழுதி, எல்லாப் பாரங்களிலும் அதே மாதிரி வைத்திருங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. பிழை பிறப்புப் பத்திரத்திலோ அடையாள அட்டையிலோ இருந்தால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். அட்டை சரி, பழைய சான்றிதழில் மட்டும் தவறு என்றால் 1960-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் ஓர் உறுதிமொழிப் பத்திரம், சூராட் அக்குவான், எழுதி சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திடுங்கள். அதில் இரண்டு பெயர்களையும் தாளில் உள்ளபடியே எழுதி, அடையாள அட்டை எண்ணைப் போட்டு, இரண்டும் ஒரே நபரைக் குறிப்பவை என்று சொல்ல வேண்டும். எந்தச் சான்றிதழில் எந்த எழுத்து என்பதும் வேண்டும். 'என் பெயரில் பிழை உள்ளது' என்று பொதுவாக எழுதினால் அந்தப் பத்திரத்தால் பயனில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பள்ளியில் தேர்வுப் பதிவு விவரத்தைக் கையெழுத்துக்குக் கொடுத்தனுப்பும்போது பிள்ளையின் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படியுங்கள். அந்த இரண்டு நிமிஷம் பின்னால் பல பயணங்களை மிச்சப்படுத்தும்.

சான்றிதழை லேமினேட் செய்து வைக்கலாமா?

வேண்டாம். தாளின் நீர்க்குறியையும் புடைப்பு முத்திரையையும் தொட்டுப் பார்க்க முடியாமல் போகும். சூட்டில் மை கலங்கும். திரும்பப் பிரிக்கவும் வழியில்லை. தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, சுவரை ஒட்டாத உயரமான இடத்தில் வையுங்கள். லயத்து வீடுகளில் கரையானும் ஈரமும் சுவர் வழியாகத்தான் வரும்.

நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் கோப்பு தனி. அடையாள அட்டை நகல் முதலில், பிறகு கடைசியாக வாங்கிய சான்றிதழிலிருந்து பின்னோக்கி, கடைசியில் பள்ளி விட்டுச் சென்ற சான்றிதழ். அசல் ஓர் உறையில், சான்றளித்த நகல் அதற்குப் பின்னாலேயே. கேட்டதும் பத்து விநாடியில் எடுத்துக் கொடுக்க முடிகிறதா என்று வீட்டில் பழகிப் பாருங்கள். மேசையில் தாள்களைக் கொட்டித் தேடும்போது, 'இவர் வேலையிலும் இப்படித்தானோ' என்ற எண்ணம் எதிரில் இருப்பவருக்கு வந்துவிடும். நகலுக்கு யார் சான்றளிக்கலாம் என்பது விளம்பரத்திலேயே எழுதியிருக்கும். தலைமையாசிரியர் போதும் என்ற இடமும் உண்டு, போதாது என்ற இடமும் உண்டு. கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பெயரும் சான்றிதழ் வகையும் தெரியும்படி கோப்புக்குப் பெயரிடுங்கள்.

படம்?

கடப்பிதழ் அளவு, 35 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். வெள்ளைப் பின்னணி, அடர்நிறச் சட்டை. திருமணப் படத்திலிருந்து முகத்தை வெட்டி ஒட்டுவது உடனே தெரிந்துவிடும்.

காலையில் பால்மர (ரப்பர்) காட்டில் அம்மாவுக்கு உதவிவிட்டு அப்படியே நேர்முகத்துக்கு மோட்டாரில் போக வேண்டும். சட்டை எப்படி நிற்கும்?

ஒட்டுப்பால் வாடை துணியில் ஏறினால் சாதாரணச் சோப்பில் லேசில் போகாது. அந்த வாடை பால் புளித்து உண்டாகும் அமிலங்களிலிருந்து வருகிறது. அமிலத்தை முறிக்கக் காரம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை சமையல் சோடாவைக் கரைத்து, துணியை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். நேர்முகச் சட்டையை வேலைத் துணியோடு ஒரே கொடியில் போடக்கூடாது. வாடை போகாத சட்டைமேல் அத்தர் அடித்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாகும்.

துணி பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்ததாக இருக்கட்டும். முழுப் பருத்தி பத்து கிலோமீட்டரில் கசங்கும். முழுப் பாலியெஸ்டர் வியர்வையைப் பிடித்து நாறும். காலரின் உள்பக்கத்தில் கருப்புக் கோடு இருந்தால் துவைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு கட்டிச் சோப்பைத் தேய்த்து பழைய பல் தூரிகையால் உரசுங்கள். இஸ்திரி போடும்போது காலரின் நுனியிலிருந்து நடுவை நோக்கிப் போங்கள். நடுவிலிருந்து நுனிக்குப் போனால் நுனியில் மடிப்பு விழும். பேட்டியெடுப்பவரின் கண் முதலில் போவது அங்கேதான்.

மோட்டாரில் நம் ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்ளுங்கள். சட்டையின் முன்பக்கம் தூசியிலிருந்து தப்பும். மழைக்காலம் என்றால் சட்டையை மடித்து பிளாஸ்டிக் பையில் வைத்து, போன இடத்து எண்ணெய் நிலையத்தில் மாற்றுங்கள். சப்பாத்தும் பையில் வரட்டும், சிலிப்பரில் ஓட்டுங்கள். தோட்டச் சாலைச் செம்மண் சப்பாத்தின் தையலில் ஒட்டினால் துடைத்தாலும் கோடாகத் தெரியும். சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகச் சேருங்கள். முகம் கழுவி, ஹெல்மெட் அமுக்கிய முடியைச் சீவி, வியர்வை அடங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

புதிய சட்டை வாங்கக் கடன் வேண்டாம். துவைத்து இஸ்திரி போட்ட பழைய சட்டை போதும்.

மகளுக்குப் புடவையா, பஞ்சாபியா, பாஜு கூரோங்கா?

மூன்றும் சரி. அவருக்குப் பழக்கமானதே சிறந்தது. முதன்முதலாகப் புடவை கட்டிக்கொண்டு போனால் மனம் முந்தானையில் இருக்கும், கேள்வியில் இருக்காது. பஞ்சாபி என்றால் கை முழங்கைக்குக் கீழே வரட்டும், துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊசி குத்துங்கள். கொலுசு, சத்தமிடும் வளையல் வேண்டாம். அரசாங்க அலுவலக முகப்பில் கையில்லாச் சட்டை, அரைக்கால் சட்டை, சிலிப்பர் ஆகியவற்றுக்குத் தடை என்ற அறிவிப்பு இருக்கும். பாரம் கொடுக்கப் போகும் நாளிலும் அதை மனத்தில் வையுங்கள்.

திருநீறு, பொட்டு, கையில் கயிறு, தாடி, தைப்பூசத்துக்கு மொட்டை?

பொட்டையும் திருநீற்றையும் அழித்துவிட்டுப் போகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அதற்கு அவசியமும் இல்லை. சிறிதாக, சுத்தமாக இருந்தால் போதும். வியர்வையில் வழிந்து கன்னத்துக்கு வந்த திருநீறுதான் பார்வையை இழுக்கும். மொட்டை போட்டவர் தைப்பூச வேண்டுதல் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், மலேசியாவில் யாருக்கும் புரியும். தாடி வைத்தால் கழுத்தில் கோடு இழுத்துத் திருத்துங்கள். மூன்று நாள் தாடி, தாடியும் ஆகாது சவரமும் ஆகாது.

ஆனால் தொழில் விதி என்று வந்தால் அது வேறு. உணவுத் தயாரிப்பில் மோதிரம், கைக்கடிகாரம், கயிறு கூடாது, தலை மூடியிருக்க வேண்டும். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் எதுவும் உயிருக்கு ஆபத்து. மின்வேலையில் உலோகச் சங்கிலி மின்னைக் கடத்தும். அங்கே கயிற்றைக் கழற்றச் சொல்வது அவமதிப்பு அல்ல. கழற்ற மனமில்லாத கயிறு என்றால் அந்த வேலையை ஏற்பதற்கு முன்பே யோசியுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு, தொழிலோடு தொடர்பில்லாத காரணத்துக்காக ஒதுக்கினால் ஒரு வழி உண்டு. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி, ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். தேதி, நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

தோட்டத்து முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. பட்டணத்து உறவினர் முகவரியைக் கொடுக்கலாமா?

மறைக்க வேண்டாம். அடையாள அட்டையில் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று என்றால் சந்தேகம்தான் வளரும். ஆனால் கடிதம் வரும் முகவரி வேறாக இருக்கலாம். தோட்டக் கடிதங்கள் பெரும்பாலும் அலுவலகத்தில் இறங்கி, யாராவது எடுத்து வரும்வரை காத்திருக்கும். நேர்முகத் தேதி கடந்த பிறகு கடிதம் கைக்கு வருவதும் உண்டு. ஆகவே 'கடிதத் தொடர்புக்கு' என்று தெளிவாக எழுதி, பட்டணத்து முகவரியையும் கைப்பேசி எண்ணையும் கொடுங்கள்.

'தோட்டத்திலிருந்தா?' என்று கேட்பவரின் மனத்தில் பல சமயம் இருப்பது, 'தினமும் நேரத்துக்கு வருவாரா?' என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்லுங்கள்: சொந்த மோட்டார் இருக்கிறது, இத்தனை மணிக்குக் கிளம்புவேன், ஏழரை ஷிஃப்டுக்கு ஏழேகாலுக்கு வந்துவிடுவேன். எத்தனை நிமிஷம் என்று ஒரு வேலைநாள் காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மலாய்ப் பேச்சும் இதில் சேரும். கடைத்தெரு மலாய் நேர்முகத்துக்குப் போதாது. உள்ளே போனதும் 'செலாமாட் பாகி, துவான்', பெண் என்றால் 'புவான்'. 'பாஸ்', 'அபாங்' வேண்டாம். கேள்வி புரியவில்லையா? தலையாட்டாமல், 'மாஃப், போலே துவான் உலாங் சோஆலான் இத்து?' (மன்னிக்கவும், அந்தக் கேள்வியை மறுபடி சொல்ல முடியுமா?) என்று கேளுங்கள். மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. புரியாமல் 'யா, யா' என்பதுதான் கெடுக்கும்.

வீட்டுக்கு வேலைக்குப் போனால் 'தம்பி, சீக்கிரம் முடி' என்று பேரம் பேசுகிறார்கள். நிபுணராக எப்படி மதிப்பார்கள்?

அளந்து காட்டுங்கள். வாட்டர் ஹீட்டர் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். உடனே ஸ்குருடிரைவரை எடுக்காதீர்கள். வீட்டுப் பெட்டியைத் திறந்து ஆர்சிசிபியில், அதாவது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியில், எழுதியிருப்பதை வீட்டுக்காரர் பார்க்கப் படியுங்கள். ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் சாதனங்களின் சாக்கெட்டுக்கு 30, மற்றவற்றுக்கு 100 என்பது விதி. பெரும்பாலான பழைய வீடுகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 100 ஒன்றுதான் இருக்கும். டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறது என்பதால் மட்டும் சரியென்று சொல்ல முடியாது. அந்தப் பொத்தான் உள் இயக்கத்தை மட்டும் சோதிக்கிறது, எர்த் இணைப்பை அல்ல. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, சாதனங்களைக் கழற்றி, 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரை ஒயருக்கும் எர்த்துக்கும் இடையில் வையுங்கள். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது. அந்த எண்ணைத் தாளில் எழுதி, தேதி போட்டு, அதே தாளில் கூலியையும் பொருள் விலையையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். எண் தெரிந்த பிறகு 'எவ்வளவு குறைப்பீங்க' என்ற பேச்சு 'எதை முதலில் மாத்தணும்' என்று மாறுவதைப் பார்ப்பீர்கள்.

உடை இங்கேயும் பேசும். பெயர் தைத்த சட்டை, மூடிய சப்பாத்து, தரையில் விரிக்க ஒரு துணி. வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் சுத்தமான காலுறை இருக்கட்டும், ஆனால் மின்பெட்டி வேலையின்போது சப்பாத்து அவசியம் என்று பணிவாகச் சொல்லி, வீட்டுக்குள் போடவென்றே தனி ஜோடி வைத்திருங்கள்.

பெயருக்கு முன்னால் பட்டம் போட்டால் மதிப்பு கூடுமே?

உரிமை இருந்தால் போடுங்கள். ஐஆர் என்பது 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளருக்கு. டிஎஸ் தொழில்முறைத் தொழில்நுட்பவியலாளருக்கும், டிசி சான்றுபெற்ற தொழில்நுட்பப் பணியாளருக்கும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொழில்நுட்பவியலாளர் வாரியமான எம்பிஓடி தருபவை. டிசி பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை. திறன் சான்றிதழ் வழியாக வந்தவர்கள் அதற்கு முயலலாம். பணம் கட்டி வாங்கிய 'டாக்டர்' பட்டம் கோயில் அழைப்பிதழில் அழகாக இருக்கும். யாராவது பல்கலைக்கழகத்தின் பெயர் கேட்டால், உங்களுடைய உண்மையான சான்றிதழ்களையும் அது சந்தேகத்துக்குள் இழுத்துவிடும்.

ஓர் ஏஜென்ட் 'காசு கொடுத்தால் சான்றிதழ் வரும், பரீட்சை வேண்டாம்' என்கிறார்.

வாங்காதீர்கள். போலி ஆவணத்தை அசல் போலப் பயன்படுத்துவது குற்றவியல் சட்டம் 471-ஆம் பிரிவின்படி குற்றம். ஏமாற்றுவதற்காகப் போலி தயாரிப்பதற்கு 468-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை சிறை. ஏஜென்ட் எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்துவிடுவார். தாளில் இருக்கும் பெயர் உங்களுடையது.

வேலை கிடைத்துவிட்டது. இனி கோப்பை மூடி வைக்கலாமா?

காலாவதித் தேதிகளைப் பார்த்துவிட்டு மூடுங்கள். உணவுத் தொழிலில் டைபாய்டு ஊசி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. தாதியர் தொழில் அனுமதி ஆண்டுதோறும். கட்டுமானத் தளத்துக்கான சிஐடிபி பச்சை அட்டை, லோரி ஓட்டுவதற்கான ஜிடிஎல் ஆகியவற்றின் தேதி அட்டையிலேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம் முன்பாகக் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். தளத்து வாசலில் காவலாளி அட்டையைத் திருப்பிப் பார்த்து மலாயில் 'மாத்தி', அதாவது காலாவதி, என்றால் அன்றைய கூலி போய்விடும்.